பாலும் பலகையும்



படிப்பகத்தின் ஆண்டு விழாவிலே பேசியதை ஞாயிறு பகுதிக்காக எழுத்திலே தருகிறேன். அங்கே கேட்டவர்கள் சில நூறு பேர். இங்கே படிக்கும் நீங்களோ பல்லாயிரவர். ஆகவே இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசுவேன் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். நான் பாலைப் பற்றித் தொடங்கினேன். முன்வரிசையிலே அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். கல்லூரிப் படிக்கட்டில் பாதிவரை ஏறி, பட்டம் பெறாமலேயே இறங்கி வந்து, நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தவனல்லவா நான்! பல்கலைக்கழகத்துக்கும் பால் குவளைக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று அவர் எண்ணியிருந்தால் அதிலே வியப்பில்லை. ஆனால், நான் சொல்ல வந்த பல்கலைக்கழகத்தின் கதையை வேறெதிலிருந்து தொடங்கினாலும் அது பாதியிலே பாலில் வந்துதான் விழும்.

அமெரிக்க நாட்டின் வடபகுதியிலே, பேரேரிகளை ஒட்டி, விஸ்கான்சின் என்றொரு மாநிலம். தலைநகரம் மாடிசன். ஏரிகளுக்கு நடுவே அமைந்த எழில் நகரம். நகரின் ஒரு மேட்டிலே சட்டமன்றம். ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலே, இன்னொரு மேட்டிலே பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடையே நேராக ஒரு தெரு. ஆளும் மன்றமும் அறிவு மன்றமும் ஒன்றையொன்று முகம் பார்த்தபடி நிற்கின்றன! நாடகக்காரன் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த மேடை அமைப்பு வேண்டுமா? அந்தத் தெருவிலே 170 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் நாடகம்தான் இன்றைய பேச்சு.

பாலுக்கு வருகிறேன்.

விஸ்கான்சின் உழவன் முதலிலே கோதுமை விளைத்தான். ஆண்டுதோறும் கோதுமை, மீண்டும் கோதுமை என்று விதைத்ததில் மண் களைத்தது, பூச்சி பெருத்தது, விளைச்சல் சிறுத்தது. கோதுமையைக் கைவிட்டுக் கறவை மாட்டைக் கைப்பிடித்தான். வெண்ணெய் ஆலைகளும் பாலாடைக்கட்டி ஆலைகளும் ஊர்தோறும் எழுந்தன. ஆலைக்காரர் பாலை நிறுத்து, எடைக்கு இவ்வளவு என்று விலை கொடுத்தார். எடைக்குக் காசு என்றால் என்ன நடக்கும்? நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்! கிணறு வற்றாதவரை பால் வற்றாது! சிலர் நீரைச் சேர்த்தார்கள். சிலர் ஆடையை வழித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினார்கள். நல்ல தீவனம் போட்டு, நல்ல பசு வளர்த்து, கொழுத்த பாலைக் கொண்டுவந்த நேர்மையாளன், நீரைக் கொண்டுவந்தவனோடு ஒரே விலை பெற்று, நெஞ்சு கசந்து வீடு திரும்பினான்.

பல்கலைக்கழகத்திலே ஸ்டீபன் பாப்காக் என்றொரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1890 இல் அவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். நீண்ட கழுத்துள்ள சிறு கண்ணாடிக் குடுவை. அதிலே அளந்து பால். அதே அளவு கந்தக அமிலம். பாலிலுள்ள மற்றவற்றையெல்லாம் அமிலம் கரைத்துவிடும், கொழுப்பை மட்டும் விட்டுவிடும். குடுவையைச் சுழற்றும் பொறியில் வைத்துச் சுழற்றி, வெந்நீர் ஊற்றினால், கொழுப்பு மேலேறிக் குடுவையின் கழுத்திலே நிற்கும். கழுத்திலே கோடுகள். கோட்டைப் பார், கொழுப்பின் அளவைச் சொல்! படித்தவன் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆலையில் வேலை பார்க்கும் இளைஞனே சில நிமிடங்களில் பாலின் குட்டை உடைத்துவிடலாம்.

காப்புரிமை பெற்றிருந்தால் அந்த மனிதர் கோடீசுவரர். பெறவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் கழகத்திலே கண்டுபிடித்தது மக்களுக்கே என்று விட்டுவிட்டார். எடைக்கு விலை என்ற முறை தளர்ந்து, கொழுப்புக்கு விலை என்ற முறை வந்தது. ஏமாற்றுக்காரனின் கிணறு பயனற்றுப் போயிற்று. அது மட்டுமா? எந்தப் பசு நல்ல பால் தருகிறது, எது தின்றுவிட்டுச் சும்மா நிற்கிறது என்று உழவனே கண்டுகொண்டான். அமெரிக்காவின் பால் நாடு என்ற பெயரை அந்த மாநிலம் இன்று தன் கார்களின் எண் பலகையிலே பொறித்துக்கொண்டு ஓடுகிறதென்றால், அதற்குப் பின்னே அந்தக் கண்ணாடிக் குடுவை இருக்கிறது.

இந்தக் கழகம் பிறக்கும்போதே இப்படிப் பிறந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1848 இல் விஸ்கான்சின் மாநிலமாயிற்று. அதே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கும் சட்டம் எழுதினார்கள். 1849 பிப்ரவரியில் முதல் வகுப்பு. மாணவர் 17 பேர், ஆசிரியர் ஒருவர், சொந்தக் கட்டடம் கிடையாது. பெண்களுக்கான ஒரு பள்ளியின் கட்டடத்திலே இடம் பெற்று நடத்தினார்கள். 1854 இல் முதல் பட்டமளிப்பு. பட்டம் பெற்றவர்கள் இரண்டு பேர்! இன்று அங்கே படிப்போர் 50,000க்கும் மேல். ஆராய்ச்சிக்கு மட்டும் ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவாகிறது. இரண்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

நடுவண் அரசு அந்தக் கழகத்துக்கு நிலம் கொடுத்தது. 1862 இல் வந்த மோரில் சட்டத்தின்படி, உழவும் தொழிற்கலையும் கற்பிக்க விஸ்கான்சினுக்குக் கிடைத்தது 2,40,000 ஏக்கர். சட்டமன்றத்தார் என்ன செய்தார்கள்? குடியேற வருவோருக்கு நிலம் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று குறைந்த விலைக்கு விற்றுத் தீர்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த எஸ்ரா கார்னெல் என்பவரோ, தம் மாநிலத்துக்குக் கிடைத்த நிலப் பத்திரங்களைக் கொண்டு இதே விஸ்கான்சினில் பைன் மரக் காடுகளைப் பிடித்து வைத்தார். காத்திருந்து விற்றதில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது சுமார் 50 இலட்சம் டாலர். காடு இவர்களது, கல்லூரி அவர்களது! சொத்தை இழந்த கழகம் ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் வாசலுக்குச் சென்று கையேந்த வேண்டியதாயிற்று. அந்த நிலத்துக்கு அதற்கும் முந்திய ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையேந்தியதிலும் ஒரு நன்மை விளைந்தது. வரி கொடுக்கும் உழவன், "எனக்கு என்ன செய்தாய்?" என்று கேட்கத் தொடங்கினான். கழகம் பதில் சொல்லியே தீரவேண்டியிருந்தது. குளிர்காலத்திலே உழவு வேலை ஓய்ந்திருக்கும்போது உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறுகிய காலப் பாடம் வைத்தார்கள். பேராசிரியர்களே ஊர் ஊராகச் சென்று உழவர் கூட்டங்களில் பேசினார்கள்.

1903 இல் சார்லஸ் வான் ஹைஸ் தலைவரானார். மண்ணியல் அறிஞர். அந்தக் கழகமே வளர்த்தெடுத்த பிள்ளை, அங்கே முதன்முதலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவரோடு 1879 இல் ஒரே வகுப்பிலே தேறியவர் ராபர்ட் லா ஃபாலெட். அவர் அப்போது மாநில ஆளுநர். ஆளுநர் என்றதும் இங்கே உங்கள் முகத்தில் ஓடும் குறுநகை எனக்குத் தெரிகிறது. அங்கே ஆளுநர் என்பவர் எங்கிருந்தோ அனுப்பி வைக்கப்படுபவரல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். இரயில் கம்பெனிகளின் பிடியிலிருந்தும் மர முதலாளிகளின் பிடியிலிருந்தும் ஆட்சியை மீட்கவேண்டும் என்று போராடி வென்றவர் அவர். ஒரு மேட்டிலே லா ஃபாலெட், மறு மேட்டிலே வான் ஹைஸ். நடுத்தெருவிலே சட்ட நகல்களும் புள்ளிவிவரங்களும் பறந்தன.

மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் கழகத்தின் நற்பயன் எட்டும்வரை தமக்கு மனநிறைவு இல்லை என்றார் வான் ஹைஸ். கழகத்தின் எல்லை அதன் மதிற்சுவர் அல்ல, மாநிலத்தின் எல்லையே அதன் எல்லை என்று அந்தக் கருத்து மக்களின் வாயிலே வடிவம் கொண்டது. விஸ்கான்சின் கொள்கை என்று அதற்குப் பெயர். 1912 இல் அந்தப் பெயரிலேயே ஒரு நூலை எழுதியவர் சார்லஸ் மெக்கார்த்தி. அவர் நடத்தியது சட்டமன்றத்துக்குள்ளேயே ஒரு குறிப்பு நூலகம். உறுப்பினர் ஒருவர், "இரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும்" என்று வந்தால், எந்த நாட்டிலே என்ன சட்டம் இருக்கிறது, அது எப்படி நடந்தது என்று எடுத்துக் கையிலே கொடுப்பார்கள். முதலாளியின் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த நகலைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய தேவை, உழவர் வீட்டிலிருந்து வந்த உறுப்பினருக்கு இல்லாமற் போயிற்று.

ஜான் காமன்ஸ் என்ற பொருளியல் பேராசிரியரைப் பாருங்கள். வேறொரு கல்லூரியிலே, தீவிரக் கருத்துடையவர் என்று அவரது பதவியையே எடுத்துவிட்டார்கள். 1904 இல் விஸ்கான்சின் அவரை அழைத்துக்கொண்டது. அவர் வகுப்பறையிலே பாடம் நடத்தியது பாதி, சட்டம் எழுதியது மீதி. 1905 இல் அரசுப் பணி நியமனச் சட்டம். 1907 இல் பொதுப் பயன்பாட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம். 1911 இல், எந்திரத்திலே கை போன தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டம். அவரிடம் பயின்ற மாணவர்கள் 1932 இல் அமெரிக்காவின் முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். அவர்களுள் எட்வின் விட்டே என்பவரை வாஷிங்டன் அழைத்தது. 1935 இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அடித்தளம் அமைத்த குழுவின் செயல் இயக்குநர் இந்த விட்டே. அமெரிக்கக் கிழவன் ஒருவன் இன்று மாதந்தோறும் பெறும் ஓய்வூதியத்தின் வேர், மாடிசனிலே ஒரு வகுப்பறையில் இருக்கிறது.

சரி, காமன்ஸை அங்கே அழைத்து வந்தவர் யார்? இங்கேதான் பால் முடிந்து பலகை தொடங்குகிறது.

அவரை அழைத்தவர் ரிச்சர்ட் ஈலி. பொருளியலில் பெரும் பெயர் பெற்றவர். 1892 இல் வந்தார். 1894 இல் அவரையே துரத்தப் பார்த்தார்கள். அது எப்படிப்பட்ட ஆண்டு? முந்தின ஆண்டிலே வங்கிகள் வீழ்ந்து, வேலையற்றோர் வீதியிலே திரிந்தார்கள். அந்த ஆண்டிலே புல்மன் இரயில் பெட்டி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டையே உலுக்கிற்று. அரசு படையை ஏவிற்று. அந்த வேளையிலே மாநிலக் கல்வித் துறைத் தலைவரும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினருமான ஆலிவர் வெல்ஸ் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஈலி வேலைநிறுத்தக்காரரை ஆதரித்தார், தொழிற்சங்கத்தாரை வேலைக்கு வைக்காவிட்டால் அச்சு வேலையைப் பறித்துவிடுவதாக ஓர் அச்சக முதலாளியை மிரட்டினார், அவருடைய நூல்கள் சமதர்ம நஞ்சு என்பன குற்றச்சாட்டுகள். நாடு முழுவதும் செய்தி பரவியது. ஆட்சிக்குழு விசாரணைக் குழுவை அமைத்தது. 1894 ஆகஸ்டிலே விசாரணை.

நாடகமாக நான் எழுதினால், ஈலியைக் கூண்டில் நிறுத்தி, "ஆம், தொழிலாளியின் பக்கம் நின்றேன்! அது என் உரிமை!" என்று முழங்க வைத்திருப்பேன். கைதட்டல் கொட்டகையைப் பிளந்திருக்கும். வரலாறு என் விருப்பத்தைக் கேட்டு நடக்கவில்லை. ஈலி குற்றச்சாட்டுகளை மறுத்தார். அவை உண்மையாயிருந்தால் தாம் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவரே என்றும் சொன்னார்! நாயகன் நழுவிய இடத்திலே, யாரும் எதிர்பாராத பாத்திரம் எழுந்து நின்றது. ஆட்சிக்குழு! வணிகர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அந்தக் குழு ஈலியை விடுவித்ததோடு நிற்கவில்லை. பிற இடங்களிலே ஆராய்ச்சிக்கு எத்தனை கட்டுகள் இருந்தாலும், இந்தக் கழகம் உண்மையைக் காண ஓயாமல் அஞ்சாமல் சலித்தும் புடைத்தும் பார்ப்பதை ஊக்குவிக்கவேண்டும் என்ற கருத்தை அறிக்கையிலே எழுதி வைத்தது.

சலிப்பதும் புடைப்பதும்! நம் வீட்டுக் களத்திலே முறத்தோடு நிற்கும் தாய்க்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. "பதரை என் முறத்திலே போடாதே, நெல்லை மட்டும் போடு" என்று அவள் சொல்வதில்லை. இரண்டும் முறத்துக்கு வரவேண்டும். புடைத்த பிறகுதான் பதர் எது, நெல் எது என்று தெரியும். "இதைப் புடைக்காதே" என்று முறத்தின் மேல் கைவைப்பவன், தன் மூட்டையிலே பதர் இருப்பதை அறிந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

நல்ல சொற்களை எழுதிவிட்டார்கள். பெட்டியிலே பூட்டியும்விட்டார்கள்! 1910 சனவரியிலே எம்மா கோல்ட்மன் மாடிசனுக்கு வந்தார். ஆட்சி என்பதே கூடாது என்று பேசி நாடெங்கும் நடுக்கத்தை உண்டாக்கியவர். அவருடைய கூட்டத்தைப் பற்றி எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் வகுப்பிலே சொல்லிவிட்டார். அவருடைய கொள்கையை இவர் ஏற்கவில்லை, கூட்டம் நடக்கிறது என்றார், அவ்வளவுதான். ஆட்சிக்குழு ராஸைக் கண்டித்தது. 16 ஆண்டுகளுக்கு முன் அஞ்சாமல் புடைக்கச் சொன்ன அதே குழு!

அந்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்கள் செய்ததைக் கேளுங்கள். வசை பாடவில்லை. கல் வீசவில்லை. 1894 ஆம் ஆண்டு அறிக்கையின் அந்த வாசகத்தை எடுத்தார்கள். 25 டாலர் செலவிலே வெண்கலப் பலகையாக வார்த்தார்கள். "எங்கள் நினைவாகக் கழகத்துக்குக் காணிக்கை" என்று நீட்டினார்கள். உங்கள் சொல்லையே உங்களுக்குப் பரிசளிக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்! இதைவிடக் கூரிய எள்ளலை எந்த நாடகாசிரியனும் எழுதியதில்லை. ஆட்சிக்குழு வாங்க மறுத்தது. பலகை நிலவறையிலே கிடந்தது, ஐந்து ஆண்டுகள். நீண்ட பேரத்துக்குப் பிறகு 1915 சூனிலே தலைமைக் கட்டடத்தின் வாயிலருகே அதைப் பதித்தார்கள். 1956 இல் அதை யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். மீட்டு, மறுபடியும் பதித்தார்கள். இன்றும் இருக்கிறது.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். ஆள்வோர்க்குப் பால் பிடிக்கும், பலகை பிடிக்காது. மாடு கறக்கச் சொல்லிக்கொடு, மருந்து கண்டுபிடித்துக்கொடு, ஆலைக்கு ஆள் தயாரித்துக்கொடு, கேள்வி மட்டும் கேட்காதே என்பார்கள். ஆனால் 1894 இல் ஈலியைத் துரத்தியிருந்தால், 1904 இல் காமன்ஸ் வந்திருக்கமாட்டார். காமன்ஸ் வராவிட்டால் 1911 இல் கை இழந்த தொழிலாளி, கையோடு கஞ்சியையும் இழந்திருப்பான். பலகையைக் கழற்றிவிட்டுப் பாலை மட்டும் கறக்கலாமென்பது கன்றைக் கொன்றுவிட்டுப் பசுவைக் கறக்கும் கணக்கு.

கழகத்தார் எல்லாரும் தூயவர், கைவைத்ததெல்லாம் நன்மை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. 1925 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராக்ஃபெல்லர் போன்ற பெருமுதலாளிகளின் அறக்கட்டளைப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று அந்த ஆண்டிலே ஆட்சிக்குழு தீர்மானம் போட்டது. எண்ணெய் முதலாளியின் பணம் வந்தால் அவன் எண்ணமும் கூட வரும் என்ற அச்சம். வீரமான தீர்மானம்தான். 1930 இல் அதையே திரும்பப் பெற்றார்கள். அதே 1925 இல், ஹாரி ஸ்டீன்பாக் என்ற பேராசிரியரின் கண்டுபிடிப்பைக் காப்பதற்கென்று ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை கழகத்துக்கு வெளியே பிறந்தது. புற ஊதாக் கதிரை உணவின் மேல் பாய்ச்சினால் அதிலே வைட்டமின் டி உண்டாகிறதென்று கண்டவர் அவர். எலும்பு வளைந்து குழந்தைகள் முடமாகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது அருமருந்து. ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் தருவதாக ஓர் உணவுக் கம்பெனி கூப்பிட்டது. அவர் தமக்கென்று ஏற்கவில்லை. காப்புரிமையின் வருவாய் கழகத்தின் ஆராய்ச்சிக்கே சேரட்டும் என்று வழி செய்தார்.

பாப்காக் எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். ஸ்டீன்பாக் பூட்டி வைத்துச் சாவியைக் கழகத்திடம் கொடுத்தார். இரண்டும் தன்னலமற்ற செயல்களே. ஆனால் சாவி கையில் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெய், ஏழைகளின் ரொட்டிக்கு வெண்ணெய். அதிலே இந்த வைட்டமினைச் சேர்க்க அறக்கட்டளை உரிமம் தரவில்லை! ஏன்? விஸ்கான்சின் பால் பண்ணைக்காரரின் வெண்ணெய் விற்பனை கெட்டுவிடுமே! பின்னர் 1940களில் வழக்கு நடந்தபோது, நீதிமன்றமே அந்த மறுப்பைச் சுட்டிக்காட்டிக் கடிந்தது, காப்புரிமையும் விழுந்தது. உழவனுக்கு உழைத்த கழகம், உழவனுக்காக ஏழைக் குழந்தையின் எலும்பை மறந்தது. மாநிலத்தின் எல்லையே தன் எல்லை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் வந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் நிற்பவன் கண்ணில் படுவதில்லை.

ஆனால் 1933 பிப்ரவரியிலே ஒரு சனிக்கிழமை நடந்ததையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கடும் பனிப்புயல். ஏறத்தாழ 200 மைல் தொலைவிலிருந்து ஓர் உழவன் வண்டியோட்டி வந்தான். வண்டியிலே செத்துப்போன ஒரு பசு. பால் கொண்டுசெல்லும் பாத்திரத்திலே அதன் இரத்தம். உறையாத இரத்தம்! மூட்டையாக, அந்த மாடு தின்ற தீவனம். மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள்ளே இரத்தம் கசிந்து சாகின்றன. மாநிலக் கால்நடை அலுவலகத்தின் கதவு சாத்தியிருந்தது. வெளிச்சம் தெரிந்த கதவைத் தட்டினான். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் அது. அந்தத் தீவனத்தைப் போடாதே என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல லிங்கிடம் அன்றைக்கு விடை ஏதுமில்லை. அவன் வெறுங்கையோடு திரும்பினான். ஆனால் பாத்திரம் அங்கேயே இருந்தது.

ஆறு ஆண்டுகள்! கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிரிலே இரத்தத்தை உறையவிடாத பொருள் எதுவென்று தேடினார்கள். 1939 இல் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியிலே பிறந்த ஒன்று 1948 இல் எலி மருந்தாக வந்தது. அந்த அறக்கட்டளையின் பெயரெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1954 முதல் மனிதருக்கும் மருந்தாயிற்று. 1955 இல் மாரடைப்புற்ற குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். உங்கள் உறவினர் எவருக்கேனும் இதயத்திலே செயற்கை வால்வு வைத்திருந்தால், மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்கக்கூடும். ஓர் உழவனுக்கு அந்தக் கதவைத் தட்டலாம் என்று தோன்றியதே, அந்தத் தோற்றத்தை உண்டாக்க எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது! நம் ஊரில் மாடு செத்தால் எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட நமக்குத் தோன்றும்?

நம் நாட்டவரும் அந்தக் கதவுக்குள் சென்றிருக்கிறார்கள். 1920களிலே, திராட்சை பறித்தும் பாத்திரம் கழுவியும் அமெரிக்காவிலே படித்த ஓர் இளைஞர் மாடிசனிலும் பயின்றார். மார்க்சின் எழுத்தை அங்கேதான் ஆழ்ந்து கற்றார். பின்னாளிலே, 1975 இல், நெருக்கடி நிலையின்போது சிறையில் அடைக்கப்பட்ட ஜெயப்பிரகாஷ் நாராயணன்தான் அவர். பிரிக்கப்படாத பஞ்சாபின் சிற்றூர் ஒன்றிலே, எழுத்தறிந்த ஒரே குடும்பம் என்று சொல்லத்தக்க வீட்டிலே பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, 1960 முதல் பத்தாண்டுகள் அங்கே பணியாற்றினார். மரபணுவின் மொழியைப் படித்துக் காட்டியதற்கு 1968 இல் நோபல் பரிசு பெற்றார்.

1960களின் கொந்தளிப்பை விரித்தால் இன்னொரு ஞாயிறு வேண்டும். சுருங்கச் சொல்கிறேன். 1967 அக்டோபரிலே, வியட்நாம் மக்களின் மேல் கொட்டப்பட்ட நாபாம் என்னும் நெருப்புக் குழம்பைச் செய்த டௌ கம்பெனி, கழகத்துக்குள் ஆள் எடுக்க வந்தது. மாணவர் மறித்து அமர்ந்தார்கள். காவலர் தடியால் மண்டையை உடைத்தார்கள். 1969 இல் கறுப்பின மாணவர் போராட்டத்துக்குத் துப்பாக்கி ஏந்திய படையை அனுப்பினார்கள். மறு ஆண்டு கறுப்பினத்தார் வரலாற்றுக்கென்று ஒரு துறையும் வந்தது. அதே 1970 ஆகஸ்டிலே, இராணுவத்துக்குக் கணக்கு ஆராயும் மையம் இருந்த கட்டடத்தை நால்வர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர் இராணுவத்தாரல்லர். இரவெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஓர் இளம் இயற்பியலாளர், மூன்று குழந்தைகளின் தந்தை. முறத்தைப் பிடுங்குபவன் அரசனாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. போராளி என்று பெயர் வைத்துக்கொண்டும் அவன் வரலாம்.

2015 க்கு வருவோம். ஸ்காட் வாக்கர் என்பவர் ஆளுநர். கல்லூரியை முடிக்காமல் பாதியிலே வெளியேறியவர் அவர். அதற்காக அவரைப் பழிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன்! பிப்ரவரியிலே நிதிநிலைத் திட்டத்தை வைத்தார். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 30 கோடி டாலர் வெட்டு. வெட்டு என்பது ஆள்வோர்க்கு வழக்கமான வேலை. இதைக் கேளுங்கள். கழகங்களின் நோக்கம் என்ன என்று மாநிலச் சட்டம் சொல்லும் பகுதியிலே கத்தரிக்கோல் புகுந்திருந்தது. உண்மையைத் தேடுவதே எல்லா நோக்கத்துக்கும் அடிப்படை என்ற சொற்கள் இல்லை. மனித வாழ்வை மேம்படுத்துவது என்ற சொற்கள் இல்லை. கழகத்தின் எல்லைக்கு அப்பாலும் அறிவைக் கொண்டுசெல்வது என்ற சொற்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, மாநிலத்துக்குத் தேவையான வேலையாட்களை உருவாக்குவது என்று எழுதியிருந்தது.

பணத்தை வெட்டியபோது முணுமுணுத்தவர்கள், சொல்லை வெட்டியபோது கொதித்தெழுந்தார்கள். பேராசிரியர் மட்டுமல்ல, பத்திரிகைகளும் பழைய மாணவர்களும் பொதுமக்களும். ஒரே நாளிலே ஆளுநர் பின்வாங்கினார். வரைவு எழுதும்போது நேர்ந்த பிழை என்றார். எழுத்துப் பிழை பாருங்கள்! சரியாக உண்மை என்ற சொல்லின் மேல்தான் பேனா வழுக்கி விழுந்தது! சொற்கள் தப்பின. 25 கோடி டாலர் வெட்டு மட்டும் நிறைவேறிற்று. அதோடு, பேராசிரியரின் பணிப் பாதுகாப்பைச் சட்டத்திலிருந்தே எடுத்து, ஆட்சிக்குழுவின் விதிக்கு மாற்றிவிட்டார்கள். ஈலியைக் காத்தது சட்டமல்ல, அன்றைய ஆட்சிக்குழுவின் மனம். இனி வரும் ஈலிகளையும் அந்தந்தக் குழுவின் மனம்தான் காக்கவேண்டும்.

கடைசியிலே சொல்கிறேன் என்றேனே, அந்த நிலக் கணக்கு.

கழகம் நிற்கும் அந்த ஏரிக்கரை ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்களின் நிலம். டேஜோப் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். நான்கு ஏரிகள் என்று பொருள். அவர்களின் முன்னோர் பறவை வடிவிலும் விலங்கு வடிவிலும் எழுப்பிய மண்மேடுகள் கழக வளாகத்துக்குள்ளேயே இன்றும் இருக்கின்றன. 1832 இல், படையைக் காட்டி, ஓர் உடன்படிக்கையிலே அவர்களைக் கையெழுத்திட வைத்தார்கள். நிலம் போயிற்று. விரட்டினார்கள். அவர்கள் திரும்பி வந்தார்கள். மீண்டும் விரட்டினார்கள். மீண்டும் வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டுவேன் என்று வான் ஹைஸ் சொன்னபோது இந்தக் குடும்பங்கள் அவருடைய எண்ணிக்கையிலே இருந்தனவா?

2019 சூனிலே அந்த மேட்டிலே இன்னொரு பலகையை வைத்தார்கள். இது யாருடைய நிலம், எப்படிப் பறிக்கப்பட்டது, பறித்த பின் என்ன நடந்தது என்று கழகமே தன் வாயால் சொல்லும் பலகை. பலகையை வைத்தாயிற்று, பால் எங்கே என்று அந்த மக்கள் கேட்டிருந்தால் அதிலே தவறில்லை. 2023 இறுதியிலே அறிவிப்பு வந்தது. 2024 முதல், விஸ்கான்சினிலே வாழும், அரசு ஏற்ற 11 பழங்குடி இனங்களைச் சேர்ந்த மாணவர் அங்கே இளநிலைப் பட்டம் படிக்க வந்தால், படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் அத்தனையும் கழகத்தின் பொறுப்பு. 1832 இல் கையெழுத்து வாங்கியவர்களின் நாட்டிலே, அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவு முழுவதையும் கழகம் ஏற்க 192 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.